கடன் ஈயம்

எட்டைத் தாண்டினால் போட்டி நிற்கும்.
ரகோத்தமன் கையில் காற்றுமானி:
ஏழு புள்ளி எட்டு, ஏழு புள்ளி ஆறு,
மறுபடி ஏழு புள்ளி எட்டு.
"விதிப்படி பறக்கலாம்" என்கிறார்,
தொப்பியை ஒரு கையால் அழுத்தியபடி.

ஆடி. அம்மி பறக்கிற மாசம்.
என் கிளைடர் இருநூற்று எழுபது கிராம்.
அம்மிக்கு இருக்கிற தைரியம் அதற்கில்லை.

காட்டுப்பள்ளியில் கிரேன் ஓட்டுகிறவள் நான்.
நாற்பது மீட்டரில் கண்ணாடிக் கூண்டு.
காற்று மிஞ்சினால் மணி அடிக்கும்,
பூட்டிவிட்டு இறங்கி டீ குடிக்கலாம்.
இங்கே மணி இல்லை.

கோயம்புத்தூர்க்காரர்களிடம் பித்தளைக் கம்பிகள்,
கிளைடர் வயிற்றுக்கு அளவெடுத்துக் கடைந்தவை.
நான் விடியற்காலை நெட்டுக்குப்பம் போய்
தேசப்பனிடம் வலை ஈயம் கேட்டேன்.
"எத்தினி?"
"பன்னெண்டு."
"சாய்ங்காலம் வந்துடணும். ராத்திரி வலைல கட்டணும்."
எண்ணிக் கொடுத்தான். எதற்கென்று கேட்கவில்லை.
டேப் சுற்றித் திணித்த பிறகு
கிளைடர் முழுக்கக் கவலை வாடை.
மீன்தான். மற்ற கவலை அப்புறம் வந்தது.

கச்சான், மேற்கிலிருந்து.
அனல் மின் நிலையத்துப் புகை
நிமிர முடியாமல்
கடல் பக்கம் படுத்திருக்கிறது.
எங்கே அது கொஞ்சம் மேலே வளைகிறதோ
அங்கே சூடு ஏறுகிறது.
ஏறுகிற சூடும் சும்மா நிற்பதில்லை,
நடந்துகொண்டே ஏறும், கடலுக்கு.

ஹாரன்.
இறக்கை நுனியில் இரண்டு விரல்,
ஒரு சுற்று, உடம்பு முழுக்க ஒரே வீச்சு.
ஈயம் தோளைப் பிய்த்தது.
என் கூண்டின் உயரத்தைத் தாண்டிப் போய்
மூக்கைச் சமமாக்கிக்கொண்டது.

தில்ஷாத் பின்னால் நின்று நேரம் சொல்கிறாள்.
"ஒரு நிமிஷம்."
"ஒண்ணரை. இடப்பக்கம் பருந்து."
அதன் வட்டத்துக்குள் என் வட்டத்தை வைத்தேன்.
ஏறியது.
எனக்கு ஏறுவதென்றால் ஏணி, கைப்பிடி, சம்பளம்.
இது கட்டைவிரலுக்குத்தான் தெரிகிறது,
கால் மணலிலேயே இருக்கிறது.

"மூணு. ரோட்டைத் தாண்டிடுச்சு."
"மூணரை. கல்லு மேல."
"நாலு. எப்சிபா, தண்ணி."

களத்துக்கு வெளியே இறங்கினால் பூஜ்யம் என்று
பருந்திடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.
அது போனது.

நான் திருப்பினேன்.

ஈயத்துக்கு இப்போதுதான் வேலை.
மூக்கைத் தாழ்த்தினால் வருகிறது,
உயரத்தைச் சில்லறை சில்லறையாகச் செலவழித்து.
தாழ்த்தாவிட்டால்
அலைக்கு மேல் ஆணியடித்த மாதிரி நிற்கிறது.
பக்கத்தில் கோவைப் பையனின் வெள்ளைக் கிளைடரும் நின்றது,
பிறகு பின்னால் நகர்ந்தது,
ரிவர்ஸ் எடுக்கிற லாரிபோல, பணிவாக.
அவன் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை.

"ஆறு இருபது. கல்லு. வா, வா, வா…"
தில்ஷாத் நேரத்தை விட்டுவிட்டு
மாட்டை ஓட்டுகிறாள்.
ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி.
அதன் கொதிக்கிற கூரைமேல் சின்னத் தூக்கல்,
ஒரு முழம் இருக்கும்.
அது போதுமாக இருந்தது
என்று எழுத ஆசை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் இறங்கியது.
ரகோத்தமன் அடியால் அளந்தார், பிறகு டேப்பால்,
டேப் காற்றில் நெளிந்தது, மறுபடி அளந்தார்.
நான்கு அடி.
"பூஜ்யம்மா" என்றார்,
சாவு சொல்ல வந்தவர் குரலில்.
அடுத்த நிமிடம் எட்டு புள்ளி மூன்று.
மீதிச் சுற்றுகள் ரத்து.

வயிற்றைத் திறந்தேன். டேப் கிழிந்திருந்தது.
பதினொன்று.
ஒன்று எங்கோ கழன்றிருக்கிறது,
ரோட்டிலோ கல்லிலோ தண்ணீரிலோ.
எட்டு கிராம்.
அது இருந்திருந்தால் நான்கு அடி வந்திருக்குமா?
வந்திருக்கும் என்றாள் தில்ஷாத்,
ஷேர் ஆட்டோவில் கணக்குப் போட்டு.
வந்திருக்காது என்றாள், இறங்கும்போது.

தேசப்பன் எண்ணினான்.
"ஒண்ணு கொறையுது."
"கடல்ல விழுந்திருக்கும்."
"அப்ப சரி. அது போற எடத்துக்குத்தான் போயிருக்கு."

கோவைப் பையனுடையதைப் பற்றியும் சொன்னேன்:
வெள்ளை, இறக்கை ஒன்றரை மீட்டர்.
"வலைல வந்தா எடுத்து வெக்கிறேன்.
இன்னா வெல இருக்கும் அது?"

சொன்னேன்.

ஈயத்தைக் கீழே வைத்துவிட்டு
முதல்முறையாக என்னை
நிமிர்ந்து பார்த்தான்.